குறைவாகக் கேட்கும் நிரல்

திருகோணமலை என்ற பெயரைப் பாமினி எழுத்துருவில் தட்டினால் கோப்பில் பதிவாவது பத்து ஆங்கில எழுத்துகள்: ஜே, பி, பெரிய யு, பெரிய என், எஃப், எச், இசட், கே, ஐ, வை. இதில் ‘கோ’ என்ற ஓரெழுத்து மூன்று இடம் பிடிக்கிறது. முதலில் இரட்டைக்கொம்பு, பிறகு ககரம், கடைசியில் கால். கண்ணில் படும் வரிசையே கோப்பிலும் இருக்கும். ‘லை’யிலும் அப்படித்தான், ஐகாரக் கொம்பு முந்திவரும், லகரம் பிந்திவரும். யூனிகோடில் மெய் முன்னால், உயிர்க்குறி பின்னால். அதே ஊர்ப்பெயர் அங்கே பத்துக் குறியீடுகள், யூடிஎஃப்-8இல் எழுதினால் முப்பது பைட். பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் பழைய கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிவரியாக நிற்கும். ஊரின் பெயரைத் தேடினால் ஊர் அகப்படாது.

இந்த மாவட்டத்தில், மூதூரிலும் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும், கணினி வந்த காலத்திலிருந்து தட்டச்சான தமிழில் பெரும்பகுதி இப்படித்தான் கிடக்கிறது. கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், சனசமூக நிலையத்தின் கூட்டக் குறிப்பு, கடற்றொழிலாளர் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியல், முப்பத்தோராம் நாளுக்கு அச்சிட்ட கல்வெட்டு. போரில் அழிந்தவை அழிந்து, 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டவை போய், மிஞ்சியவை பழைய வன்தட்டுகளிலும் சீடிகளிலும் இருக்கின்றன. இவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தரும் இணையத்தளங்கள் உண்டு. ஒரு பந்தியை ஒட்டி மாற்ற அவை போதும். ஆனால் அடையாள அட்டை இலக்கங்களோடு கூடிய அங்கத்தவர் பட்டியலை, முன்பின் தெரியாத தளமொன்றில் ஒட்டுவதை நான் ஏற்கமாட்டேன். அந்த வேலை அந்தக் கோப்பு இருக்கும் கணினியிலேயே நடக்க வேண்டும். அதற்கு ஒரு சிறிய நிரல் வேண்டும்.

எழுதுவது கடினமான காரியமில்லை. ஓர் அட்டவணை, கொம்பு வந்தால் பிடித்துவைத்து அடுத்த மெய்க்குப் பின்னால் விடுகிற சில வரிகள். சி மொழி தெரிந்த ஒருவருக்கு ஒரு பின்னேர வேலை. உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. உவர்மலையில் ஒரு மாணவியின் மடிக்கணினியில் உபுண்டு 22.04 இருக்கிறது. ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தில், விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் நின்ற பிறகு யாரோ ஒரு புண்ணியவான் டெபியன் ஏற்றிவைத்த 32 பிட் பெட்டிகள் இருக்கின்றன. கனடாவிலிருந்து லீவில் வந்தவர் விட்டுப்போன மாக் ஒன்று ஒரு வீட்டில் கிடக்கிறது. எல்லாமே யுனிக்ஸ் வழிவந்தவை. ஆனாலும் ஒன்றில் கட்டிய நிரல் மற்றதில் ஓட மறுக்கும். “சேர், என்ர மெசினில ஓடுது, பள்ளிக்கூடத்தில ஓடுதில்லை” என்று பிள்ளைகள் வந்து நிற்கும்போது நான் சி கோப்பைத் திறப்பதில்லை. லிங்கரைத்தான் முதலில் காட்டுவேன்.

கம்பைலர் ஒரு சி கோப்பைப் படித்து ஆப்ஜெக்ட் கோப்பாக்கும்போது, அந்தக் கோப்புக்குள் இல்லாத பெயர் எதுவானாலும் அதன் முகவரியை வெறுமையாக விட்டுவிடும். அந்த ஆப்ஜெக்ட் கோப்பின்மீது என்எம் என்ற கட்டளையை ஓட்டிப் பாருங்கள். மெயின் என்ற பெயருக்கு முன்னால் டி என்று இருக்கும். அது இந்தக் கோப்பிடம் உண்டு. எஃப்ஓபன், எஃப்புட்எஸ் ஆகியவற்றுக்கு முன்னால் யு என்று இருக்கும். அவை இந்தக் கோப்பிடம் இல்லை, வேறு யாராவது தர வேண்டும். முகவரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இடைவெளி. லிங்கர் ஒவ்வொரு யுவுக்கும் எங்கோ ஒரு டியைத் தேடிப்பிடிக்கிறது. பிடித்தவற்றையெல்லாம் ஒரே வரிசையில் அடுக்கி முகவரி கொடுக்கிறது. பிறகு கம்பைலர் விட்டுப்போன வெற்றிடங்களுக்குத் திரும்பிப்போய் ஒவ்வொன்றிலும் சரியான எண்ணை நிரப்புகிறது. ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள் வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு தசாப்தத்தில் எழுதிய துண்டுகள் ஒரே நிரலாகும் இடம் இது. நிரலாக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

இந்த வேலை கணினியின் வயதோடு ஒத்தது. ஜோன் மாக்லி 1947இலேயே, நாடாவில் சேர்த்துவைத்த துணைநிரல்களை எடுத்து நினைவகத்தில் வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்வது பற்றிப் பேசியிருக்கிறார். கேம்பிரிட்ஜின் எட்சாக் இயந்திரத்துக்கு வில்க்ஸ், வீலர், கில் மூவரும் 1951இல் வெளியிட்ட புத்தகமே துணைநிரல் நூலகம் ஒன்றை எப்படிப் பாவிப்பது என்பதுதான். யுனிக்ஸின் முதல் கைநூல் 1971 நவம்பர் 3 தேதியிட்டது. அதில் எல்டி என்ற இரண்டெழுத்துக் கட்டளை லிங்க் எடிட்டர் என்ற விளக்கத்தோடு இருக்கிறது. சி மொழி உருவாகுமுன்பே அது யுனிக்ஸில் இருந்தது. இன்றும் அதே பெயரோடு உங்கள் கணினியில் இருக்கிறது.

பிள்ளைகளை எல்டியைக் கையால் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். தங்கள் ஆப்ஜெக்ட் கோப்பை மட்டும் அதற்குக் கொடுப்பார்கள். திரையில் இரண்டு விதமான முறைப்பாடு வரும். எஃப்ஓபனைத் தெரியாது, எஃப்புட்எஸ்ஸைத் தெரியாது என்பது ஒன்று. அதை அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். மற்றது அவர்களைத் திகைக்கவைக்கும்: ‘ஸ்டார்ட்’ என்ற நுழைவுப் பெயர் இல்லை, முன்னால் ஓர் அடிக்கோட்டோடு. அவர்கள் ஸ்டார்ட் என்று எதையும் எழுதவில்லையே! நிரல் மெயினில் தொடங்குகிறது என்றுதான் வகுப்பில் படித்தார்கள். உண்மையில் நிரலுக்குள் முதலில் ஓடுவது ஸ்டார்ட். அது சிஆர்டி1 என்ற சின்ன ஆப்ஜெக்ட் கோப்பில் இருக்கிறது. கட்டளைவரியின் சொற்களை எடுத்து, சி லைப்ரரியைத் தயார்செய்து, மெயினை அழைத்து, மெயின் தந்த விடையை வாங்கிக்கொண்டு நிரலை முடித்துவைப்பது அதுதான். வழக்கமாகக் கம்பைலர் சத்தமில்லாமல் இதைச் சேர்த்துவிடும். கையால் ஓட்டினால் நாமே சேர்க்க வேண்டும். சிஆர்டி1, சிஆர்டிஐ, நம் கோப்பு, சி லைப்ரரி, சிஆர்டிஎன், டைனமிக் லிங்கரின் பாதை என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து நிரல் ஓடிவிட்டால் அந்த வயதுப் பிள்ளையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். தன் நிரலுக்குள் என்னென்ன இருக்கிறது என்று முதல் தடவையாக முழுதும் தெரிந்துவிட்டது.

அடுத்த கணினிக்குப் போனதும் அந்த வெளிச்சம் கொஞ்சம் மங்கும். டெபியனில் சிஆர்டி1 இருக்கும் அடைவு ஃபெடோராவில் இல்லை. ஃப்ரீபிஎஸ்டியில் இன்னோர் இடம். மாக்கில் இந்த ஏற்பாடே வேறு. 1988இல் முதன்முதல் வெளியான போசிக்ஸ் தரநிர்ணயம் யுனிக்ஸ் கட்டளைகளில் பலவற்றை இன்று வரையறுக்கிறது. என்எம் அதில் உண்டு, மேக் உண்டு, ஏஆர் உண்டு. எல்டி இல்லை. இது மறதியால் நேர்ந்ததில்லை என்பது என் கருத்து. லிங்கர் அந்தந்த இயந்திரத்தின் மண்ணோடு ஒட்டிய கருவி. அதன் தெரிவுகளை ஊருக்கு ஊர் ஒன்றாக்க முடியாது. போசிக்ஸ் தருவது சி கம்பைலர் கட்டளை ஒன்றைத்தான். முன்பு சி99 என்ற பெயரில் இருந்தது, 2024 பதிப்பில் சி17. லைப்ரரியின் பெயரைச் சொல்ல எல் என்ற தெரிவு, அது இருக்கும் இடத்தைச் சொல்லப் பெரிய எல். எங்கும் செல்லுபடியாவது இவ்வளவே. ஆகவே எல்டியைக் கையால் ஓட்டப் பழகியவர், கட்டும் படிகளை எழுதிவைக்கும் தன் மேக் கோப்பில் அதை எழுதாமல் சிசி என்றே எழுதுவார். அந்தச் சிசி பின்னால் என்ன செய்கிறது என்று சந்தேகம் வந்தால் வி என்ற தெரிவைச் சேர்த்து, லிங்கருக்குப் போகும் முழு வரியையும் வாசித்துவிடுவார்.

லைப்ரரியின் இடமும் ஒரு சங்கதி. பழைய பாணி லைப்ரரிக் கோப்பை லிங்கர் இடமிருந்து வலமாக ஒரு தடவைதான் புரட்டும். அந்த நேரத்தில் யாரும் கேட்காத துண்டை எடுக்காது. ஆகவே கேட்பவர் முன்னால், கொடுப்பவர் பின்னால். நிறையப் பேரின் ராத்தூக்கத்தைக் கெடுத்த விதி இது; மனதில் வைத்துக்கொண்டால் போதும், விளக்கம் வேண்டாம்.

இனி ஓடும் நேரத்துக்கு வருவோம். இன்றைய நிரல்களில் பெரும்பாலானவை சி லைப்ரரியைத் தம்மோடு சுமந்து திரிவதில்லை. ஓடப்போகும் கணினியில் அது இருக்கும் என்று நம்பிப் போகின்றன. ஒஸ்டன்பேர்க் முனையைத் தாண்டி உட்துறைமுகத்துக்குள் வரும் கப்பலைப் பாருங்கள். பிறீமா மாவாலைக்குக் கோதுமை கொண்டுவருகிற கப்பலின் கப்டன் எத்தனை கடல் கண்டவரானாலும், உள்ளூர் பைலட் ஏறிய பிறகுதான் உள்ளே வருகிறார். டைனமிக் லிங்கர் அந்தப் பைலட். நிரல் கோப்பின் உள்ளேயே அந்தப் பைலட் எங்கே கிடைப்பார் என்ற பாதை எழுதப்பட்டிருக்கிறது. கர்னல் முதலில் அவரை ஏற்றுகிறது. அவர் நிரலுக்குத் தேவையான லைப்ரரிகளின் பட்டியலை வாசித்து, ஒவ்வொன்றையும் தேடி ஏற்றி, முகவரிகளை நிரப்பி, பிறகுதான் ஸ்டார்ட்டிடம் கையளிக்கிறார். 64 பிட் லினக்ஸில் அவருக்கு ஒரு பாதை, 32 பிட்டில் வேறு பாதை, ஃப்ரீபிஎஸ்டியில் இன்னொன்று. எழுதப்பட்ட பாதையில் ஆள் இல்லாவிட்டால் ஷெல் ஒரு விசித்திரமான விடை சொல்லும்: அப்படியொரு கோப்பு இல்லை. கோப்பு கண்முன்னே இருக்கும். எல்எஸ் போட்டால் பெயர் தெரியும். ஓட்டினால் இல்லை என்னும். காணாமற்போனது பைலட் என்று அந்த விடையில் ஒரு சொல்கூட இருக்காது. அது தெரியாமல் கணினியையே திருப்பி நிறுவியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பைலட் கிடைத்தாலும் கதை முடியவில்லை. லினக்ஸில் பெரும்பாலோர் பாவிக்கும் சி லைப்ரரியான ஜி-லிப்சியில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பதிப்பு இலக்கம் ஒட்டியிருக்கிறது. இதற்கு நல்ல காரணம் உண்டு. 2010இல் நினைவகப் பகுதியை நகலெடுக்கும் மெம்காப்பி என்ற செயற்கூறை வேகமாக்கினார்கள். விதிப்படி அதை ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதிகளுக்குப் பாவிக்கக் கூடாது. ஆனால் அடோபியின் ஃப்ளாஷ் அப்படிப் பாவித்திருந்தது. ஃபெடோரா 14 ஏற்றியவர்களுக்கு ஃப்ளாஷில் பாட்டுச் சத்தம் கரகரத்தது. கடைசியில் 2.14 பதிப்பில், புதிய மெம்காப்பிக்குப் புதிய இலக்கம் கொடுத்து, பழைய நிரல்களுக்குப் பழைய நடத்தையையே தொடர்ந்து கொடுத்தார்கள். பழைய நிரல் புதிய கணினியில் ஓட வேண்டும் என்பதில் இந்த லைப்ரரியை எழுதுபவர்கள் காட்டும் சிரத்தை அபாரமானது. 2021 ஓகஸ்டில் 2.34 வந்தபோது, தனியாக இருந்த பிதிரெட் லைப்ரரியை சி லைப்ரரிக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். ஆனால் பழைய மேக் கோப்புகளில் அந்தப் பெயர் எழுதியிருக்குமே என்பதற்காக, உள்ளே ஒன்றுமில்லாத ஒரு வெறும் லைப்ரரிக் கோப்பை அதே பெயரில் இன்னும் வைத்திருக்கிறார்கள். யாரோ எப்போதோ எழுதிய ஒரு கட்டளைவரி உடையக் கூடாது என்பதற்காக ஒரு வெறுங்கோப்பு. இந்த மரியாதை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் மரியாதை ஒரு திசையில்தான். பழையது புதியதில் ஓடும். புதியது பழையதில் ஓடாது. லிங்கர் ஒரு நிரலைக் கட்டும்போது, கட்டுகிற கணினியில் அந்தந்தப் பெயருக்கு உள்ள மிகப் புதிய பதிப்பு இலக்கத்தையே நிரலில் எழுதிவிடும். அதே 2.34இல், மெயினை அழைக்கும் தொடக்கச் செயற்கூறுக்கும் புதிய இலக்கம் வந்தது. அதன் விளைவு என்ன தெரியுமா? உபுண்டு 22.04இல் இருப்பது ஜி-லிப்சி 2.35, 20.04இல் இருப்பது 2.31. ஒரேயொரு வணக்கத்தை அச்சிடுகிற நிரலைக்கூட 22.04இல் கட்டி 20.04க்குக் கொண்டுபோனால், 2.34 பதிப்பு அகப்படவில்லை என்று நின்றுவிடும். அந்த நிரல் புதிதாக எதையும் கேட்கவில்லை. ஐம்பது வருடப் பழைய வேலையைத்தான் செய்கிறது. அது பிறந்த இடம் அதன்மீது ஒரு புதிய இலக்கத்தை ஒட்டிவிட்டது.

அந்த உவர்மலை மாணவியின் நிரல் ஆய்வுகூடத்தில் ஓடாததற்கு ஒரு காரணம் இது. 32 பிட், 64 பிட் வேறுபாடு அதற்கும் முன்னாலேயே தடுத்துவிடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: நீங்கள் சென்றடைய விரும்பும் கணினிகளில் எது மிகப் பழையதோ, அதில் கட்டுங்கள். அங்கே கட்டியது, அதற்குரிய பைலட்டும் லைப்ரரியும் இருந்தால், அதற்குப் பின்வந்த லினக்ஸ்களிலும் ஓடும். பெரிய நிறுவனங்கள் இதற்காகவே பழைய லினக்ஸ் பதிப்புகளைப் பாதுகாத்து வைத்து அவற்றில் கட்டுகின்றன. அவர்கள் பணம் செலவழித்து உருவாக்கிக்கொள்ளும் அந்தச் சூழல் எங்கள் ஆய்வுகூடத்தில் தூசி படிந்து கிடக்கிறது. கொழும்பிலும் சென்னையிலும் டொரொண்டோவிலும் புதிய கணினியில் தமிழ்க் கருவிகள் கட்டும் நண்பர்களுக்கு எங்கள் பழைய பெட்டிகள் இரக்கத்துக்குரியவையாகத் தெரியலாம். எடுத்துச்செல்லத்தக்க நிரலைக் கட்ட மிகச் சிறந்த பட்டறை அந்தப் பெட்டிதான் என்பது என் துணிபு.

எல்லாவற்றையும் உள்ளேயே சேர்த்து ஸ்டாட்டிக்காகக் கட்டிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. லினக்ஸ் கர்னல் தன் கதவுகளை மாற்றுவதில்லை. பயனர் நிரலை உடைக்கக் கூடாது என்பதில் லினஸ் டோர்வால்ட்ஸ் வைத்திருக்கும் பிடிவாதம் ஊரறிந்தது. லைப்ரரியையும் பைலட்டையும் நம்பாத நிரல், கர்னலை மட்டும் நம்பி நிற்கும். எங்கள் மாற்றியை 32 பிட் டெபியனில் அப்படிக் கட்டினால் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்குகிறது. அதே கோப்பு வழக்கமான 64 பிட் உபுண்டுவிலும் அப்படியே ஓடுகிறது. மாக்கில் இந்த வழி இல்லை, அப்பிள் அதை ஆதரிப்பதில்லை. அங்கே மூலக்கோப்பைக் கொடுத்து அங்கேயே கட்ட வேண்டியதுதான்.

ஆனால் ஸ்டாட்டிக்கிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளம் சரியாகத் தமிழ் நிற்கும் இடத்தில் இருக்கிறது.

1990களின் இறுதியில் உலகெங்கும் சிதறியிருந்த தமிழர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து உருவாக்கிய குறியேற்றம் திஸ்கி. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களைப் பல வருடம் அதில்தான் வெளியிட்டது. அதுவும் கண்ணில் படும் வரிசையில், கொம்பு முன்னால் வரும்படி அமைந்தது. 2002இல் ப்ரூனோ ஹைபிள் என்ற ஜெர்மன் நிரலர் திஸ்கியை ஜி-லிப்சிக்குள் கொண்டுவந்தார். கொம்பைப் பிடித்துவைத்து மெய்க்குப் பின்னால் விடும் அந்தச் சிக்கலான வேலையைப் பொறுமையாகச் செய்து, ஐகான்வ் என்ற பொதுவான செயற்கூறின் வழியே யாரும் திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றலாம் என்று ஆக்கினார். அவருக்குத் தமிழுலகம் கடன்பட்டிருக்கிறது. அந்தக் கடனைப் பற்றி எங்கள் மேடைகளில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

அந்தத் திஸ்கி மாற்றி சி லைப்ரரிக்குள்ளேயே இல்லை. ஜிகான்வ் என்ற அடைவில், தனியொரு பகிர்வு லைப்ரரிக் கோப்பாக இருக்கிறது. ஐகான்வை அழைக்கும்போதுதான் அது ஓடும் நேரத்தில் தேடி ஏற்றப்படும். ஆகவே நீங்கள் ஸ்டாட்டிக்காகக் கட்டினாலும், திஸ்கி மாற்றி உள்ளே வருவதில்லை. லிங்கருக்கு ஐகான்வ் என்ற பெயர்தான் தெரியும். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒருநாள் திஸ்கி தேவைப்படும் என்பது தெரியாது. எச்சரிக்கை எதுவும் வராது. நிரல் சுத்தமாகக் கட்டப்பட்டு, பென் டிரைவில் ஏறி, மூதூரில் ஒரு கணினியில் இறங்கி, அந்தக் குறியேற்றத்தை அறியேன் என்று சொல்லி நிற்கும். ஃபெடோராவில் 2021இலிருந்து ஜிகான்வ் கோப்புகளில் மிகச் சிலவற்றை மட்டும் அடிப்படையில் வைத்துக்கொண்டு மற்றவற்றை ‘எக்ஸ்ட்ரா’ என்ற தனிப் பொதியாகப் பிரித்துவிட்டார்கள். திஸ்கி அந்தப் பொதிக்குள் போய்விட்டது. இடத்தை மிச்சம்பிடிக்கும் நியாயமான முடிவுதான், யாரையும் குறைசொல்வதற்கில்லை. ஆனால் தமிழுக்காக நிரல் எழுதுபவர் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: எல்லாருக்கும் இருக்கும் என்று நாம் நம்பும் பெயருக்குப் பின்னால் நம்முடைய துண்டு இல்லாமலிருக்கலாம்.

பாமினிக்கோ அப்படியொரு கோப்புக்கூட எங்கும் இல்லை. யாரும் தரப்படுத்தாத எழுத்துரு அது. அதன் அட்டவணை எப்படியும் நம் நிரலுக்குள்தான் இருக்க வேண்டும். அப்படியானால் திஸ்கி அட்டவணையையும் அதன் பக்கத்தில் வைத்துவிடலாம். இரண்டும் சேர்ந்து சில நூறு வரிகள். ஐகான்வ் வேண்டாம், லொக்கேல் வேண்டாம், திரெட் இழைகளோ வலையமைப்போ வேண்டாம். என்எம் ஓட்டினால் யு என்று நிற்பவை கோப்பைத் திற, ஓர் எழுத்தை வாசி, ஒரு வரியை எழுது, மூடு என்ற ரகத்தில் சில பெயர்கள்தான். 1989ஆம் ஆண்டு சி மொழி தரப்படுத்தப்பட்டபோதே அதில் இருந்த பெயர்கள். அவற்றைத் தராத யுனிக்ஸ் உலகத்தில் இல்லை. எடுத்துச்செல்லத்தக்க நிரல் என்று நான் நினைப்பது இதைத்தான். எல்லாவற்றையும் தன் முதுகில் சுமக்கத் தேவையில்லை. போகும் இடம் வசதியாக இருக்கும் என்று நம்பியும் போகத் தேவையில்லை. மிகக் குறைவாகக் கேட்க வேண்டும், கேட்பதை எல்லாருக்கும் தெரிந்த பெயரால் கேட்க வேண்டும். ஒரு நிரலை யாராவது என்னிடம் காட்டினால் அதன் திரையை நான் பார்ப்பதில்லை. அது யு என்று கேட்கும் பட்டியலைப் பார்ப்பேன்.

இன்றைக்கு வழக்கமான விடை வேறு. நிரலோடு அதற்கு வேண்டிய முழு இயங்குசூழலையும் ஒரு கொள்கலனாகக் கட்டி அனுப்பிவிடுவார்கள். பெரிய வழங்கிகளை நடத்துபவர்களுக்கு அது சரி. ஆனால் 2022 மார்ச் இறுதியில் இந்த நாட்டில் ஒருநாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. மின்சாரம் வந்த இடைவேளையில் தொலைபேசி டேட்டாவைத் திறந்து நூற்றுக்கணக்கான மெகாபைட் இறக்குவதா, ஒரு கும்பாபிஷேக மலரை மாற்றுவதற்கு? கிராமத்துச் சங்கமொன்றின் செயலாளரிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

எழுதிய மொழியை மாற்றினால் லிங்கரிலிருந்து தப்பலாம் என்பாரும் உண்டு. சுனாமிக்குப் பிந்திய கிழமைகளில் லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேசனைச் சுற்றித் திரண்ட தன்னார்வலர்கள் சஹானா என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனவர்களையும் முகாம்களையும் உதவிகளையும் பதிவதற்கு. அது பிஎச்பியில் எழுதப்பட்டது; பிற்பாடு 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் 2006இல் யோக்யகர்த்தாவுக்கும் போனது. இந்த நாட்டில் எழுதிய நிரல்களில் நான் மிகவும் மதிக்கும் ஒன்று. கட்டவேண்டிய வேலை இல்லாமல் நாடு தாண்டியது என்பது உண்மைதான். ஆனால் பிஎச்பி என்ற மொழிபெயர்ப்பியை ஒருவர் சியில் எழுதி, ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒருவர் லிங்கரால் கட்டிவைத்ததால்தான் அது போக முடிந்தது. அந்த வேலை மறைந்துவிடவில்லை, வேறொருவரின் கைக்கு மாறியது. அந்தக் கைகளில் சில நம்முடையவையாக இருக்க வேண்டும் என்றுதான் நான் விரும்புகிறேன்.

கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கும், உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் எடுக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களின் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய 32 பிட் கணினி இருந்தால் இரும்புக்காரரிடம் போடாதீர்கள். டெபியன் 2025இல் வந்த 13ஆம் பதிப்போடு அந்த இயந்திரங்களை வழமையான ஆதரவிலிருந்து விட்டுவிட்டது. பழைய பதிப்பொன்றை இப்போதே இறக்கி, நிறுவு வட்டோடு சேர்த்து எடுத்துவையுங்கள். இணையத்தோடு தொடுக்காமல், நிரல் கட்டுவதற்கு மட்டும் அதைப் பாவியுங்கள். பாமினி அட்டவணையை எழுதி முடித்தவர்கள் அதைத் திறந்த உரிமத்தில், மூலக்கோப்பும் மேக் கோப்புமாக வெளியிடுங்கள். உங்கள் ஊர்க் கோயிலிலோ சனசமூக நிலையத்திலோ பாமினியில் கிடக்கும் கோப்புகள் எவையென்று இந்த விடுமுறையில் கேட்டுப் பட்டியல் எடுங்கள். சீடிகள் வாசிக்க முடியாமற்போகத் தொடங்கிவிட்டன.